சீல் மேடம் போட்ட பாஸ்

அலுவலகத்தில் அவளுக்கு சீல் மேடம் என்றே பெயர். ஓர் ஆஸ்பத்திரிக் கணினி அனுப்பும் நோயாளியின் விவரம் இன்னோர் ஆஸ்பத்திரிக் கணினியில் பிசகாமல் தெரிகிறதா என்று சோதித்துச் சான்றிதழ் தரும் இடம் அது. சோதனைக்கென்றே பொய்யாக ஒரு நோயாளியை வைத்திருந்தார்கள். அந்த ஆளுக்கு வராத வியாதி இல்லை, சாவு மட்டும் வராது. சாப்ட்வேர் செய்யும் கம்பெனிக்காரர்கள் அவளைக் கண்டால் நடுங்கினார்கள். அது அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

ஒருமுறை ஒரு கம்பெனி இன்ஜினியர் தானாகவே வந்து குட்டை உடைத்தார்.

"மேடம், ஒத்துக்காத மருந்தை லிஸ்ட்ல தேர்ந்தெடுத்தா சரியா போகுது. டாக்டர் கையால டைப் பண்ணா போகல. அந்தப் பக்கம் 'ஒவ்வாமை இல்லை'ன்னு காட்டுது. ஒரு மாசம் டைம் குடுங்க, சரி பண்ணிடறோம்."

"டைப் பண்றது என் டெஸ்ட்ல இருக்கா?"

"இல்ல மேடம். ஆனா டாக்டருங்க பாதிப் பேர் அப்படித்தான்..."

"அப்ப என் வேலையில்ல. இல்லாத சோதனைக்காகத் தேதியைத் தள்ளினா மேல யாரு பதில் சொல்றது?"

பாஸ் போட்டாள். மனுஷர் முகம் தொங்கிப்போய்க் கிளம்பினார். பாஸ் கிடைத்ததும் கம்பெனியும் அதைச் சரிசெய்யாமலே விற்றுவிட்டது. கண்டிப்புக்கும் வீம்புக்கும் வித்தியாசம் தெரியாத ஜென்மம் அவள்.

அடுத்த வருஷம் அவள் கணவன் பைக்கிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டான். அவனுக்கு ஒத்துக்காத மருந்தை அவளே டாக்டரிடம் சொன்னாள். அவர் கேட்டுக் கேட்டு டைப் செய்தார். மறுநாள் ஆபரேஷனுக்காக அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். கூடப் போனது நாத்தனார். சீல் மேடத்துக்கு அன்றைக்கும் ஒரு சோதனை இருந்தது. பாதியில் நாத்தனார் போன் செய்தாள்.

"அண்ணி, ஊசி போடப் போறாங்க. அண்ணனுக்கு ஏதோ மருந்து ஆகாதுன்னு சொல்வீங்களே, அது பேரு என்ன?"

"உன் வாயில அது நுழையாது. எல்லாம் ஸ்க்ரீன்ல இருக்கும், பாத்துப் போடச் சொல்லு. நான் சீல் வெச்ச சாப்ட்வேர்தான்."

போனை வைத்துவிட்டுப் பொய் நோயாளியின் விவரத்தை ஒப்பிடத் தொடங்கினாள். ஒவ்வாமை வரிக்கு வந்தபோது கை நின்றது. அந்த டாக்டர் டைப் செய்த காட்சியும் அன்றைக்கு இன்ஜினியர் சொன்னதும் நினைவுக்கு வந்தன. நாத்தனாருக்குத் திரும்பத் திரும்ப போன் அடித்தாள். எதிர்முனையில் யாரும் எடுக்கவில்லை.

அலறிப் புடைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது நாத்தனார் தரையில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே அவன் முகத்தை மூடியிருந்தார்கள்.

"ஸ்க்ரீன்ல ஒண்ணும் இல்லைன்னுதான் இருந்துச்சு அண்ணி. ஆனாலும் நர்ஸ் தயங்கினாங்க. நான்தான், இது எங்க அண்ணி சீல் வெச்சது, தைரியமா போடுங்கன்னு சொன்னேன்."