பூஜையில் வைத்த துப்பாக்கி

அமெரிக்க அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தம் 1791 டிசம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. ஒரே ஒரு வாக்கியம்தான். சுதந்திர நாட்டின் பாதுகாப்புக்கு ஒழுங்கான குடிமக்கள் படை தேவை என்பதால், ஆயுதம் வைத்துக்கொள்ளவும் ஏந்தவும் மக்களுக்குள்ள உரிமை மீறப்படலாகாது என்கிறது. அதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே, 1689இல், இங்கிலாந்தின் உரிமைச் சட்டம் அங்கிருந்த புராட்டஸ்டண்ட் குடிமக்களுக்கு, சட்டம் அனுமதிக்கும் அளவில், இதைப் போன்ற ஒன்றைத் தந்திருந்தது. இவற்றையெல்லாம் பின்னாளில் தேடிப் படித்தேன். முதலில் கேட்டது, டெக்சாஸில் இருந்த என் தாய்மாமாவின் வாயால். அப்போது நான் ஆஸ்திரேலியாவில், டூங்கபியில், ஏழாம் வகுப்பு.

எங்களுக்கு விஜயதசமி காலை. நேர வித்தியாசத்தால் மாமாவுக்கு இன்னும் ஆயுத பூஜை மாலை. வீடியோ அழைப்பில் அம்மா எங்கள் பூஜையைக் காட்டினாள். சந்தனப் பொட்டு வைத்த அப்பாவின் லேப்டாப், அரிவாள்மணை, என் கால்குலேட்டர். பதிலுக்கு மாமா தன் போனைத் திருப்பினார். சரஸ்வதி படத்தின் முன்னால், பொரிகடலைக்கும் வாழைப்பழத்துக்கும் நடுவே, குங்குமம் இட்ட கைத்துப்பாக்கி.

“ஐயோ, என்ன அண்ணா இது?” என்றாள் அம்மா.

“ஆயுத பூஜைக்கு ஆயுதம் வைக்காம? நீங்கல்லாம் லேப்டாப்புக்குப் பொட்டு வெச்சு சாமியை ஏமாத்துறீங்க.”

அப்பா சிரித்துவிட்டார். “மச்சான், இங்க தற்காப்புக்குன்னு கேட்டா லைசென்ஸே தர மாட்டாங்க.”

“அங்க எல்லாத்துக்கும் காரணம் சொல்லணும் மாப்ள. இங்க அது உரிமை.”

அந்த ஆண்டுதான் மாமா குடியுரிமைத் தேர்வில் தேறியிருந்தார். எந்தத் திருத்தம், எந்த ஆண்டு என்று நான் கேட்கக் கேட்கச் சொன்னார். தேதிகள் என்றால் எனக்கு அப்போதே பித்து. மாமாவுக்கு வேலை போயிருந்ததும் தெரியும். அதை ஒரு நீண்ட விடுமுறையாகவே நினைத்திருந்தேன்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. “அண்ணி எங்க?”

“அவ தங்கச்சி வீட்ல.”

“இன்னுமா? ராத்திரி தூங்குறியா அண்ணா?”

“அதெல்லாம் தூங்குறேன்.”

“சரி, பூஜையில வெச்சதைத் தொடக்கூடாது. அது அப்படியே இருக்கட்டும்.”

“விஜயதசமி அன்னைக்கு எடுக்கலாம்லம்மா?” என்று நான் திருத்தினேன்.

“பாரு, என் மருமகனுக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியல,” என்றார் மாமா.

அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. “நாளைக்கும் வேண்டாம். அண்ணி வீட்டுக்கு வர்ற வரைக்கும் தொடாத. என் மேல சத்தியம் பண்ணு.”

மாமா போனைத் தன் பக்கம் திருப்பினார். பிறகு, “சரிடி,” என்றார்.

எந்த ஊரிலும் இல்லாத விதியை அம்மா சாமி பெயரில் புகுத்துகிறாளே என்று எனக்கு எரிச்சல். அப்பாவிடமும் முறையிட்டேன். அவர் லேப்டாப்பிலிருந்த சந்தனத்தைத் துடைத்துக்கொண்டே, “போய்ப் படி,” என்றார்.

பொங்கலுக்கு முன் மாமா இறந்த செய்தி வந்தது. துப்பாக்கியைத் துடைக்கும்போது தவறி வெடித்துவிட்டது என்று அத்தை போனில் சொன்னாள். எப்படி, எப்போது என்று அம்மா எதுவும் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டுச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். விபத்துதானே, ஏன் கேள்வி கேட்காமல் இருக்கிறாள் என்று எனக்கு வியப்பாக இருந்தது.

அந்த இரண்டு சட்டங்களையும் எழுதியவர்கள் அரசனின் படைக்குப் பயந்தவர்கள். என் அம்மா, அண்ணன் தனியாக இருந்த ஒரு வீட்டுக்குப் பயந்திருக்கிறாள். அத்தையிடம் கேட்டால் சொல்லிவிடுவாள், நான் கேட்டதில்லை. துப்பாக்கி வெடித்த அன்று அவள் வீட்டுக்குத் திரும்பியிருந்தாளா என்பது இன்றுவரை சரிபார்க்கப்படாத தகவல்.