கொல்லைப்புறத்துக்காக வாதாடிய கலியமூர்த்தி அண்ணன்

முத்தாண்டிக்குப்பத்தில் ஒரு கிரகப்பிரவேசப் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது கைப்பேசி அடித்தது. பக்கத்துத் தெரு அஞ்சலை பேசினாள். "மெம்பரக்கா, நம்ம கலியமூர்த்தி அண்ணன் போயிட்டாருக்கா. காபி குடிச்சிகினு இருந்தவரு அப்படியே சாஞ்சிட்டாரு." கை கழுவ எழுந்தவள், என்னை அறியாமல் அந்த வீட்டின் கொல்லைக்குப் போய், செப்டிக் டேங்குக்குச் சரியாக மூடி போட்டிருக்கிறார்களா என்று பார்த்தேன். பார்த்த பிறகுதான் அழுகை வந்தது.

அவரை அறிந்தவர்களுக்கு இது புரியும். எந்தப் புது வீட்டுக்குப் போனாலும் மனிதர் சந்தனம் பூசிய கையோடு கொல்லைக்குப் போய்விடுவார். வீட்டுக்காரர் பூஜையறையின் பளிங்குக் கல்லைக் காட்ட ஆளைத் தேடிக்கொண்டிருப்பார். இவர் பின்னாலிருந்து சத்தம் போடுவார்: "ஏம்பா, டேங்குக்கு அடியில தளம் போட்டியா, இல்ல வெறும் சிமென்ட் உறையை எறக்கி மூடிட்டியா?" பந்தியில் பாதிப் பேருக்குச் சோறு இறங்காது. "இவரோட ஒரு விசேஷத்துக்குத் தலைகாட்ட முடியல" என்று அவர் மனைவி ராஜேஸ்வரி அண்ணி என்னிடம் புலம்பாத நாளில்லை.

நிலக்கரிச் சுரங்கத்தில் பம்ப் செக்‌ஷனில் பர்மனென்ட் வேலை பார்த்தவர். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருந்தவரை தண்ணீர் ஊற்றினால் போய்விடும். எங்கே போகிறது என்று அவருக்குக் கவலையில்லை. ஓய்வு பெற்று வடக்குத்து கிராமத்தில் எங்கள் தெருவில் வீடு கட்டி வந்த முதல் மழைக்காலத்தில்தான் அஞ்சலையின் தெருவைப் பார்த்தார். கான்ட்ராக்ட் கூலிக்குப் போகிறவர்கள் தெரு அது. எங்கள் தெருவுக்கும் அதற்கும் நடுவில் ஒரு சந்துதான், ஆனாலும் எங்கள் பெண்கள் அந்தப் பக்கம் போவதில்லை. அங்கே எல்லா வீட்டிலும் கழிப்பறை இருந்தது. மழை பெய்தால் உறைக் குழியில் தண்ணீர் ஊறி, கீழே போனது மேலே வரும். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த அஞ்சலையின் மகள் நிறைமாத வயிற்றோடு கொட்டும் மழையில் முந்திரித் தோப்புக்கு நடப்பதைப் பார்த்தார். அன்று பிடித்த பிடிவாதம் கடைசிவரை விடவில்லை.

நான் அப்போது வார்டு உறுப்பினர். ஒரு கிராம சபையையும் அவர் நிம்மதியாக முடிக்க விட்டதில்லை. "கக்கூஸ் கட்ட அரசாங்கம் காசு குடுத்துச்சு, சரிங்க. உள்ள போனது எங்க போவும்னு யாராவது கேட்டீங்களா? ரோடு போடுறீங்க, லைட்டு போடுறீங்க. வூட்டுக்கு வூடு ஒழுங்கான தொட்டி கட்டவும் அரசாங்கந்தாங்க காசு தரணும்" என்பார். "உங்க வூட்டு டேங்கு நல்லாத்தானே இருக்கு, உங்களுக்கு என்ன?" என்று ஒருவர் மடக்கினார். "அவங்க குழியில ஊறுறதுதாம்பா என் வூட்டு போர் தண்ணியில வருது. உன் வூட்டு போர்லயும்தான்" என்றார் அண்ணன். கேட்டவர் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டார்.

ஒருமுறை அடைமழைக்கு நடுவில் ஓர் அதிகாரி பார்வையிட வந்தார். அண்ணன் அவரை அஞ்சலை வீட்டில் உட்காரவைத்து இளநீர் வெட்டினார். ஒன்று முடிந்ததும் இன்னொன்று. "குடிங்க சார், உடம்புக்குக் குளிர்ச்சி." கொட்டுகிற மழையில் யாருக்குக் குளிர்ச்சி வேண்டும்? மூன்றாவதை அவர் சீவும்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சற்று நேரத்தில் அதிகாரி தணிந்த குரலில் கழிப்பறை எங்கே என்று கேட்டார். அஞ்சலை வீட்டுக் கழிப்பறையில் விறகு அடுக்கியிருந்தது. அடுத்த வீட்டில் ஆடு நின்றது. அதற்கடுத்ததில் பீங்கான் விளிம்புவரை தண்ணீர். கடைசியில் அண்ணனே தன் வண்டியில் ஏற்றித் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார்.

வெளியே வந்த அதிகாரி சிரித்துவிட்டார். "வேணும்னேதானே செஞ்சீங்க?"

"ஆமாங்க சார். உங்களுக்கு இன்னைக்கு ஒரு நாள். அந்தப் பொம்பளைங்க மழைக்காலம் பூரா இப்படித்தான் அடக்கிகினு இருக்காங்க."

அதிகாரியின் சிரிப்பு நின்றது. அதன் பிறகும் எத்தனையோ கூட்டம், எத்தனையோ நடை. ஒருவழியாக அரசுப் பணம் வந்தது. அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு தளம் போட்டு, சுவர் பூசி, தொட்டி கட்டினார்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் அண்ணன் இறங்கிப் பார்த்தார். அண்ணி அவரைக் குளிக்காமல் வீட்டுக்குள் விடவில்லை.

அவர் சாவுக்குப் பெருங்கூட்டம். வீட்டில் இருந்ததோ ஒரே கழிப்பறை. வெளியூரிலிருந்து வந்த பெண்கள் சொல்லவும் முடியாமல் நெளிந்துகொண்டு நின்றார்கள். அஞ்சலை வந்து அண்ணனின் தங்கை கையைப் பிடித்தாள். "எங்க வூட்டுக்கு வாங்கம்மா. மழையிலயும் நல்லா போவுது." அந்த அம்மாள் ஒரு கணம் தயங்கினார். பிறகு போனார். பின்னாலேயே மற்றவர்களும், எங்கள் தெருப் பெண்களும் போனார்கள். அந்த வீடுகளுக்குள் அவர்கள் நுழைந்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை. அண்ணன் இருந்திருந்தால் எப்படிச் சிரித்திருப்பார் என்று நினைத்து, சாவு வீட்டில் நான் சிரித்துவிட்டேன்.

நான் இப்போது உறுப்பினர் இல்லை. ஊரின் கீழத்தெருவில் இன்னும் பழைய உறைக் குழிகள்தான்; தொட்டி கட்ட அங்கே பணம் வரவில்லை. அண்ணனிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அவருடைய வெட்கமில்லாத அந்த உரத்த குரலை. வருகிற கிராம சபையில் எழுந்து கேட்கப்போகிறேன். பக்கத்தில் அஞ்சலை இருப்பாள். "நீங்க ஆரம்பிங்கக்கா, குரல் கம்முச்சுன்னா நான் பேசுறேன்" என்று சொல்லியிருக்கிறாள்.