மாரக்காள் வீட்டு சாக்லேட் ஊற்று

சாக்லேட் கட்டியை மாரக்காள் அரிவாள்மனையில்தான் நறுக்குகிறார். கத்தி வழுக்கும் என்பது அவர் கட்சி. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் சமையலறைத் தரையில் செய்தித்தாளை விரித்து, ஒரு காலை மடக்கி மனைமேல் உட்கார்ந்து, செங்கல் போலிருக்கும் அந்தக் கட்டியைச் சீவத் தொடங்குவார். துருவல் ஒரு பாத்திரத்தில் சேரும். அந்தப் பாத்திரத்தைக் கொதிக்கிற தண்ணீருள்ள இன்னொரு பாத்திரத்தின்மேல் வைத்து உருக்குவார். உருகி வரும்போது ஒரு குழிக்கரண்டி எண்ணெய்.

"எண்ணெய் ஊத்துலீன்னா மிசினு மேல ஏத்தாதுங்க. களியாட்டம் அப்படியே நிக்கும்."

ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் மொத்தமும் திரிந்து மணல் மணலாகிவிடுமாம். அதனால் முந்தானையால் முகத்தை நன்றாக ஒற்றிக்கொண்டுதான் அடுப்பின் பக்கம் குனிவார்.

மிஷின் என்று அவர் சொல்வது சாக்லேட் ஃபவுண்டனை. முழங்கை உயரம். மூன்று தட்டுகள், ஒன்றைவிட ஒன்று சிறியதாக. நடுக்குழாயில் ஒரு திருகு சுற்றி, கீழே இருக்கும் சாக்லேட்டை உச்சிக்கு ஏற்றுகிறது. அங்கிருந்து அது குடை விரித்தாற்போல் தட்டு தட்டாக வழிந்து கீழே வருகிறது. மிக்ஸியின் கடைசிப் பெருமூச்சு போல ஒரு சன்னமான இரைச்சல். சுற்றிலும் கிண்ணங்களில் ஏலக்கி வாழைப்பழத்துண்டு, பேக்கரிக் கேக், ரஸ்க், சில வாரங்களில் மைசூர்ப்பாகு. மூங்கில் குச்சியில் குத்தி வழிகிற சாக்லேட்டில் காட்டி எடுத்துத் தின்ன வேண்டும். கல்யாண வரவேற்புகளில் பார்க்கிற சமாச்சாரம். மைசூரில், ஹெப்பாள் தொழிற்பேட்டைக்குப் பின்னால், ஒரு ஃபேக்டரி ஃபிட்டரின் வீட்டுக் கூடத்தில் அது வாராவாரம் ஓடுகிறது.

நான் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். மாரக்காளுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஹனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். கல்யாணமாகி மைசூர் வந்தவர். காய்கறிக்காரனிடம் கன்னடம், வீட்டுக்குள் ஊர்த் தமிழ். விருந்தாளிகளை இன்றும் ஒரம்பரை என்றுதான் சொல்வார். தலைமுடியைக் கொத்தாக முடிந்து, அதில் ஒரு மூங்கில் குச்சியைச் செருகியிருப்பார். செருகியதை மறந்துவிட்டு, குச்சி ஒன்று குறைகிறதே என்று தேடுவார்.

அவருடைய கணவர் மல்லப்பனுக்குப் பக்கவாதம் வந்தது ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு. வலது கையும் காலும் போயின. வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. பேச்சு மொத்தமும் போய் ஒரே ஒரு சொல் மட்டும் நாக்கில் மிஞ்சியது: "அப்புறம்." பசிக்கும் அதுதான், தாகத்துக்கும் அதுதான், வலிக்கும் அதுதான். எது எதற்கு என்று மாரக்காளுக்குக் குரலிலேயே தெரியும். வந்தவர்களுக்குத் தெரியவில்லை. அவர் மேலே பேசச் சொல்வதாக எண்ணிக்கொண்டார்கள். கூட வேலை பார்த்த ஒருவர் கேண்டீன் கதை, யூனியன் கதை, மகள் வீட்டுக் கதை எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். "அப்புறம்?" என்றார் மல்லப்பன். வந்தவர் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்துவிட்டு எழுந்து போனார். திரும்ப வரவில்லை.

தொடக்கத்தில் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் அலமாரி கொள்ளாமல் இருந்தன. பிறகு ஆட்கள் குறைந்தார்கள். பிறகு ஃபோன் மட்டும். பிறகு அதுவும் இல்லை. மகன் கவின்ராஜ் பூனாவில் வேலை பார்க்கிறான். அவன் வீடியோ காலில் வருவான், "அப்பா நல்லாருக்காரா" என்று அம்மாவைக் கேட்பான். ஃபேக்டரி பஸ் நாள்தோறும் தெருமுனையில் நிற்கும் நேரத்துக்கு மல்லப்பன் சன்னல் பக்கம் தலையைத் திருப்புவார். அவ்வளவுதான் அந்த வீட்டின் வெளியுலகம்.

கொள்ளேகாலத்தில் ஒரு உறவினர் வீட்டு வரவேற்பில்தான் மாரக்காள் முதன்முதலாக அந்த ஊற்றைப் பார்த்தார். மேடையில் மணமக்கள் நிற்க, கூட்டம் முழுவதும் சாக்லேட்டைச் சுற்றி நின்றது. அங்கிருந்து நகர ஒருவருக்கும் மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் மகனிடம் சொல்லிச் சின்னதாக ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தார். எதற்கு என்று மகன் கேட்கவில்லை. நான் கேட்டேன்.

"சீக்காளி ஊட்டுக்கு வந்தா கண்ண எங்க வெக்கறதுன்னு ஆருக்கும் தெரியறதில்லீங்க" என்றார். "கோணுன வாயப் பாக்கறதா, செவுத்தப் பாக்கறதா? அவங்க மேலயும் தப்பில்ல. கண்ணுக்கு ஒரு வேலை, கைக்கு ஒரு வேலை குடுத்துட்டா சித்த நேரம் உக்காருவாங்கல்லங்க."

உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு வீடாக அவரே ஃபோன் செய்தார். "பவுண்டேன் வாங்கியிருக்கறனுங்க. கொழந்தைங்களக் கூட்டிட்டு வாங்க" என்பார். கணவரின் பேச்சையே எடுக்கமாட்டார். பழைய செக்‌ஷன் ஆட்கள் குடும்பத்தோடு வந்தார்கள். கோயிலில் பழக்கமான பெண்கள் வந்தார்கள். எதிர்வீட்டு ஸ்மிதா வந்தாள். ஐ.டி. கம்பெனியில் வேலை, பழைய வைஷ்ணவக் குடும்பம், அவள் பேசுகிற தமிழில் பாதி கன்னடம். எல்லோரும் ஊற்றைப் படமெடுத்தார்கள். சக்கர நாற்காலி ஒரு ஓரமாக இருந்தது. அந்தப் படங்களில் மல்லப்பனின் ஒரு முழங்கால் தெரிந்தால் அதிகம்.

மாரக்காள் அதைக் கவனித்தார். அடுத்த வாரம் மேஜையை நகர்த்தி மல்லப்பனின் நாற்காலிக்கு நேர்முன்னால் போட்டார். குச்சிகள் அத்தனையையும் ஒரு டம்ளரில் போட்டு அவருடைய இடது கைக்குள் கொடுத்துவிட்டார். சாக்லேட் வேண்டுமென்றால் அவரிடம்தான் குச்சி வாங்க வேண்டும். அவர் ஒவ்வொன்றாக எடுத்து நீட்டுவார், "அப்புறம்" என்பார். வாங்குகிறவர் "தேங்க்ஸ் அங்கிள்" என்றோ, போதும் என்பதைக் கன்னடத்தில் "சாகு அண்ணா" என்றோ ஏதாவது சொல்லத்தான் வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்தவர்களை உபசரிக்கும் ஆளாக மல்லப்பன் மறுபடியும் ஆகியிருந்தார். அந்த நாட்களில் ஞாயிறு காலையிலேயே தாடையைத் தடவிக் காட்டி ஷேவ் செய்துவிடச் சொல்வாராம். மாரக்காள் என்னிடம் அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்ததைச் சிரிப்பு என்று சொல்லலாம்.

வராத ஒரே ஆள் கெம்பையன். மல்லப்பனுக்கு எல்லோரையும்விட நெருக்கமானவர் அவர்தான். ஒரே மெஷின் வரிசை, ஒரே பஸ்ஸில் ஒரே சீட். ஆஸ்பத்திரியில் முதல் வாரம் பூராவும் பெஞ்சில் படுத்துக் கிடந்தவர், மல்லப்பன் வீடு திரும்பியபின் ஒருமுறை வந்து போனதோடு சரி. மாரக்காள் ஃபோன் செய்தால் ஓவர்டைம் என்பார், ஊருக்குப் போகிறேன் என்பார்.

அவர் வந்தது ஒரு வாரநாள் மாலையில். மிக்ஸி ஜார் ஒன்றைத் திருப்பிக் கொடுக்க நான் அங்கே போயிருந்தேன். வாசலில் வண்டி நின்ற சத்தத்துக்கே மல்லப்பன் நிமிர்ந்துவிட்டார். மாரக்காள், "வாங்க, உக்காருங்க, தா வந்தர்றேன்" என்று சொல்லிக்கொண்டே சமையலறைக்கு ஓடினார். அரிவாள்மனையில் சாக்லேட் சீவும் சத்தம் படபடவென்று கேட்டது. ஊற்று ஓடாவிட்டால் இவர் இருக்கமாட்டார் என்ற பயம் அந்தச் சத்தத்தில் இருந்தது.

கெம்பையன் கையில் கல்யாணப் பத்திரிகை. அதன் மஞ்சள் தடவிய மூலையை விரலால் நிமிண்டிக்கொண்டு வெறும் மிஷினைப் பார்த்தபடி இருந்தார். மல்லப்பன் அவரைப் பார்த்தபடி இருந்தார்.

"அப்புறம்" என்றார் மல்லப்பன்.

"சென்னாகிதீனி அண்ணா" என்று தன் நலத்தைக் கன்னடத்தில் சொல்லிவிட்டுக் கெம்பையன் என் பக்கம் திரும்பி மழை எப்போது விடும் என்று கேட்டார்.

அவசரத்தில் சாக்லேட் சரியாக உருகவில்லை. மிஷின் ஒரு பக்கம் மட்டும் கட்டி கட்டியாக வழிந்தது. மல்லப்பன் ஒரு குச்சியை எடுத்து நீட்டினார். கெம்பையன் வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்குது அக்கா. நஞ்சன்கூடுல, மண்டபத்துல."

"சந்தோசமுங்க. ரெண்டு பேரும் வந்தர்றோம்."

"அண்ணன் எதுக்கு அக்கா? கூட்டம் ஜாஸ்தி, படி வேற. நீங்க மட்டும் வந்து அட்சதை போட்டுட்டு வந்தாச் சாகு."

"ஒண்ணும் சிரமமில்லீங்க. காரு பேசிக்கறேன். படிகிட்ட ரெண்டு பேரு புடிச்சா ஏறிக்குவாரு."

மிஷின் இரைந்துகொண்டிருந்தது. கெம்பையன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வர்றவங்க எல்லாம் அண்ணனச் சுத்தி நின்னு என்னாச்சு ஏதாச்சுன்னு கேப்பாங்க அக்கா. சம்பந்தி வீட்டுக்காரங்க ஒரு மாதிரி. சுபகாரியம் பாருங்க. அன்னைக்கு ஒரு நாள் வேண்டாம், பேடா."

மல்லப்பனுக்குக் காதிலும் புத்தியிலும் ஒரு குறையும் இல்லை. அது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். மாரக்காள் ரஸ்க் கிண்ணத்தை எடுத்து, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார்.

"சரிங்க" என்றார்.

கெம்பையன் குச்சியைத் தட்டின் ஓரமாக வைத்துவிட்டு, மல்லப்பனின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். வெளியே போனவர் உடனே வண்டியை எடுக்கவில்லை. ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டருகே வெகுநேரம் நின்றிருந்தார். உள்ளே திரும்பி வருவாரோ என்று நினைத்தேன். வரவில்லை.

அவர் சொன்னதை மாரக்காள் முழுதாக ஏற்றுக்கொண்டதாக எனக்குத் தோன்றவில்லை. கல்யாணத்தன்று காலையில் கணவருக்கு வெள்ளைச் சட்டை போட்டுவிட்டிருக்கிறார். "போனாத் தொரத்தியா உட்ருவாங்கன்னு நெனச்சேனுங்க. இவருதான் மாட்டேன்னுட்டாரு. ஒத்தக் கையாலயே பொத்தான் ஒவ்வொண்ணாக் கழட்டினாரு. நான் மறுக்காப் போட்டேன். மறுக்காக் கழட்டினாரு." அன்று இரண்டு பேருமே போகவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு நாற்காலியைக் கூடத்துக்குத் தள்ளப் போனபோது, மல்லப்பன் இடது கையால் படுக்கையறைக் கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டார். மாரக்காள் விரல்களைப் பிரித்துப் பார்த்தார். பிரிக்க முடியவில்லை. அது முதல் விருந்தாளிகள் வரும் நாட்களில் அவர் வெளியே வருவதில்லை. ஷேவ் செய்யச் சொல்வதும் நின்றுவிட்டது.

ஊற்று மட்டும் நிற்கவில்லை. வருகிறவர்களும் குறையவில்லை. முன்னைவிட அதிகமாக வருகிறார்கள், அதிக நேரம் இருக்கிறார்கள், வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். சோபாவின் நுனியில் யாரும் உட்காருவதில்லை, நன்றாகச் சாய்ந்து உட்காருகிறார்கள். ஒரு சாயங்காலம் மிஷின் தட்டுகளைக் கழற்றிப் பழைய தாளால் வழித்துக்கொண்டிருந்தபோது மாரக்காள் இதைத் தானாகவே சொன்னார். சாக்லேட்டை அப்படியே தண்ணீரில் விட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும், வழித்துவிட்டுத்தான் கழுவ வேண்டும்.

"அவரு கூடத்துல இல்லாததாலதான் இப்ப இத்தன நேரம் இருக்கறாங்க. பாத்தீங்களா?"

குரலில் குறை எதுவும் இல்லை. மழை பெய்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார். பிறகு ஏன் கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். தாளை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டே யோசித்தார்.

"நிறுத்திப்போட்டா ஊட்டுல மிச்சம் என்னங்க? நான் பேசறது மட்டுந்தான். எம் பேச்ச எத்தன நாளைக்குக் கேப்பாரு? ஆளுக பேசற சத்தமாச்சும் உள்ள போகட்டும். காது நல்லாத்தான இருக்குது."

அதனால் படுக்கையறைக் கதவு மட்டும் எப்போதும் திறந்தே இருக்கும். படுக்கையிலிருந்து பார்த்தால் கூடத்தின் ஒரு மூலையும், வருகிறவர்கள் கழற்றிவிட்ட செருப்புகளும் தெரியும்.

போன ஞாயிறு நானும் போயிருந்தேன். ஸ்மிதாவுக்குப் பதவி உயர்வு. ஆஃபீஸ் தோழிகளை அழைத்து வந்திருந்தாள். கூடம் நிறைந்திருந்தது. யாரோ ஒருத்தி கேக் துண்டைச் சாக்லேட்டுக்குள் தவறவிட்டாள், அது சுற்றிச் சுற்றிப் போனது, எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரிப்பு ஓய்ந்ததும் ஸ்மிதா எட்டிப் பார்த்துவிட்டு, சத்தம் வராமல் படுக்கையறைக் கதவைச் சாத்தினாள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. இங்கிதம் தெரிந்த பெண்.

பழத்தட்டோடு சமையலறையிலிருந்து வந்த மாரக்காள் கதவைப் பார்த்து நின்றுவிட்டார்.

"அங்கிள் மலகிட்டாங்க போல ஆண்ட்டி" என்றாள் ஸ்மிதா. "நம்ம கலாட்டாவுல எச்சரம் ஆகி முழிச்சிடக் கூடாதுன்னு நான்தான் சாத்தினேன்."

"தூங்குலீங்க கண்ணு" என்றார் மாரக்காள். "கண்ண மூடிட்டுக் கெடப்பாரு. அவ்வளவுதான்."

பழத்தட்டை மேஜையில் வைத்தார். கையைப் புடவையில் துடைத்தார். சுவரோரம் இருந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தார். மல்லப்பன் விழித்துக்கொண்டுதான் இருந்தார். மாரக்காள் நாற்காலியை வாசற்படியிலேயே, கதவு இனிச் சாத்த முடியாதபடி போட்டு, கூடத்தில் இருந்த எங்கள் எல்லோருக்கும் முதுகைக் காட்டி அவரைப் பார்த்து உட்கார்ந்தார்.