வீட்டுக்காரர் மேல் ஒரு மனு

ஆம்பூர் ஷூ கம்பெனியில் எனக்கு செக்கர் வேலை. தையல் இம்மி கோணினாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். "அக்கா கண்ணுல மண்ணைத் தூவ முடியாது" என்று லைனில் தைக்கும் பெண்கள் முணுமுணுப்பார்கள். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வேன்.

அப்படிப்பட்ட நான், மூன்றாவது மெஷின்காரியின் முகத்தில் இருந்த வீக்கத்தை மட்டும் பல மாதம் பார்த்தும் பார்க்காதது போல இருந்தேன். அதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன். புருஷன் அடித்தான். இரண்டு தடவை ஸ்டேஷனுக்குப் போனாள். "உள்ள வெக்கணுமா, சமாதானமா போறியா?" என்றார்கள். அவளுக்கு இரண்டும் வேண்டாம். அடி வாங்காமல், பிள்ளையோடு அதே வீட்டில் இருந்தால் போதும். ஒரு நாள் அவன் இரண்டு பேரையும் வெளியே தள்ளிப் பூட்டிக்கொண்டான். வீடு அவன் பேரில் இருந்தது. அவள் அம்மா வீட்டிலிருந்து வேலைக்கு வந்தாள்.

இரண்டாயிரத்து ஆறில் புதுச் சட்டம் வந்தது. பத்திரம் யார் கையில் இருந்தாலும், சேர்ந்து குடியிருந்த வீட்டிலிருந்து மனைவியைத் துரத்தக் கூடாது, அவளை அடிக்கவும் கூடாது என்று கோர்ட்டே உத்தரவு போடலாமாம். பேப்பரில் படித்த அன்றே சாப்பாட்டு நேரத்தில் அவளை எதிரே உட்கார வைத்து மனு எழுத ஆரம்பித்தேன். எந்தத் தேதி, எந்த இடம், எதனால் அடித்தான் என்று செக்கிங் ரிப்போர்ட் மாதிரி நாலு பக்கம். என் கையெழுத்தில் நானே மயங்கிப்போனேன்.

இரண்டு பேரும் வேலூருக்குப் போனோம். அந்தச் சட்டப்படி மனு வாங்கும் பாதுகாப்பு அலுவலரம்மா அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"'வீட்டுக்காரர் அடிச்சார், வீட்டுக்காரர் தொரத்தினார்'. எந்த வீட்டுக்காரரும்மா? புருஷனா, வாடகைக்கு விட்டவரா? நாலு பக்கத்துல ஒரு எடத்துலயாவது பேர் இருக்கா?"

எனக்குச் சுருக்கென்றது. அவள் புருஷன் பேரைச் சொல்லமாட்டாள். நானும் கேட்கவில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். காலமெல்லாம் அடுத்தவர் வேலையைத் திருப்பி அனுப்பியவளுக்கு அன்றைக்கு முதல் ரிஜெக்ட்!

"வீடு அவருதுதான மேடம், அதான் வீட்டுக்காரர்" என்றாள் இவள், மெதுவாக.

"நீ இன்னா, அங்க விருந்தாளியா இருந்தியா?"

அவள் என் கையிலிருந்த பேனாவை வாங்கி, முதல் பக்கத்தில் அவன் பெயரைத் தானே எழுதினாள். எழுத்து கோணல்தான். நான் திருத்தவில்லை.

சில மாதத்தில் உத்தரவு வந்தது. அலுவலரம்மாவும் ஒரு போலீஸ்காரரும் கூட வர, அவள் தன் தெருவுக்குப் போனாள். நானும் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். தெருவே வாசலில் நின்றது. அவன் கதவை மறித்துக்கொண்டு, "யாரக் கேட்டு உள்ள வர்ற?" என்றான்.

அவள் பிள்ளையின் புத்தகப் பையை அவனைத் தாண்டி உள்ளே வைத்தாள்.

"வீட்டுக்காரியக் கேட்டுட்டுதான் வர்றேன். நவுரு."