திடலை வெட்டிய மண்

வாய்க்கால் உடைப்பை அடைக்க மண் வேண்டும் என்று சொல்லி, எங்கள் பண்ணையில் வேலை செய்தவர்கள் குடியிருந்த திடலை அவர்கள் கையாலேயே வெட்ட வைத்தவன் நான். அப்பா சொல்லித்தான் செய்தேன். ஆனால் அப்பா ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே செய்தேன்.

'அந்தக் காலம் அப்படி' என்று வீட்டில் ஆறுதல் சொல்கிறார்கள். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. காலம் வந்து அவர்களிடம் பேசவில்லை. நான்தான் பேசினேன்.

எங்கள் ஊர் நீடாமங்கலத்துக்குத் தெற்கே. ஐப்பசி அடைமழையில் ஒரு விடியற்காலை வாய்க்கால் வளைவில் கரை உடைந்தது. சம்பா நட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. அடைக்காவிட்டால் ஊரின் மொத்த நடவும் அழுகிவிடும். வயல்கள் எல்லாம் தண்ணீருக்குள் கிடந்தன. சேற்றை அள்ளிக் கொட்டினால் கரை நிற்காது. காய்ந்த மண் வேண்டும். அது இரண்டே இடத்தில் இருந்தது. ஒன்று எங்கள் களத்துமேடு, உடைப்புக்குக் கூப்பிடு தூரத்தில். அதன்மேல் ஒரு வைக்கோல் போரைத் தவிர வேறொன்றும் இல்லை. இன்னொன்று அதைத் தாண்டி இருந்த திடல். அதில் பத்துப் பன்னிரண்டு குடிசைகள்.

குடியிருக்கிற மனை குடியிருப்பவனுக்கே சொந்தம் என்று அப்போது சட்டம் வந்திருந்தது. அளக்க ஆள் வருவதுதான் பாக்கி. அந்த வருஷம் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு அவர்கள் அறுப்புக்கு இறங்க மறுத்திருந்தார்கள். அப்பா வெளியூர் ஆட்களை இறக்கினார். களத்தில் கைகலப்பு வரை போனது. அந்த ஆத்திரம் அவருக்கு ஆறவே இல்லை.

கரையில் குடைபிடித்து நின்றுகொண்டு என்னிடம் சொன்னார். "களத்துல கை வைக்க வேண்டாம். திடல்ல எடுக்கச் சொல்லு. குழிக்கு எவன் பட்டா கேப்பான்?"

நீங்களே சொல்லுங்களேன் என்றேன். "நான் சொன்னா கொடியத் தூக்குவானுங்க. நீ சொன்னா கேப்பானுங்க" என்றார்.

கேட்பார்கள் என்பது உண்மை. நான் சட்டம் படித்துக்கொண்டிருந்தேன். கறுப்பு சிவப்புத் துண்டு போட்டுக்கொண்டு சமத்துவம் பேசினேன். டீக்கடையில் அவர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தேன். அந்த நம்பிக்கையைத்தான் அப்பா மண்வெட்டியாக எடுத்துக்கொண்டார். நான் பிடி போட்டுக் கொடுத்தேன்.

திடலின் ஓரத்துக் குடிசையில் இருந்த பெண் எங்கள் வயலில் நடவு நடுகிறவர். என் வயதுதான் இருக்கும். அவர் மட்டும் கேட்டார்.

"வெட்டிட்டா நாங்க எங்கங்க நிக்கிறது?"

"தை பொறந்ததும் மண்ணு கொட்டி, முன்னவிட மேடாக்கித் தர்றேன். இது ஊர்ப் பொதுக் காரியம்" என்றேன். மேடையில் பேசிப் பழகிய குரல் அப்படியே வந்தது. முதல் கூடையை நானே தலையில் தூக்கினேன். "சின்னய்யா தலையில கூடை ஏறியிருக்கு, போட்டோ புடிக்க ஆளில்லையே" என்று ஒருவர் சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சவுக்குக் கட்டைகளை இரண்டு வரிசையாக அடித்து, மூங்கில் தட்டி கட்டி, நடுவில் வைக்கோலும் மண்ணுமாகப் போட்டார்கள். மண் கரைந்து போகாமலிருக்க, கழுத்தளவு தண்ணீரில் ஆண்கள் தோளோடு தோள் சேர்த்து நின்று இழுப்பைத் தாங்கினார்கள். அந்தப் பெண்ணின் கணவரும் அதில் நின்றார். மறுநாள் பொழுது சாய்வதற்குள் உடைப்பு அடைபட்டது. ஊர் நடவு பிழைத்தது. திடலில் பாதி பள்ளமாகியிருந்தது.

கார்த்திகை மழையில் பள்ளம் நிறைந்து தண்ணீர் குடிசைகளுக்குள் ஏறியது. மண்சுவர்கள் ஊறி உட்கார்ந்தன. போக வேறு இடம் இல்லாமல், தாங்கள் அடைத்த கரை மேலேயே போய்க் குடிசை போட்டார்கள். தையில் அப்பாவிடம் வண்டி கேட்டேன். அறுப்பு நேரத்தில் மாட்டை எவன் மண்ணடிக்க அனுப்புவான் என்று சிரித்தார். நான் ரயிலேறிக் கல்லூரிக்குப் போய்விட்டேன். மறுபடி கேட்கவில்லை. அளக்க வந்தவர்கள் திடலில் குடியில்லை, குட்டை இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

கரையை ஆக்கிரமித்திருக்கிறார்கள் என்று அவர்களுக்கு நோட்டீஸ் வந்தது. சில வருஷத்துக்கு ஒருமுறை வந்துகொண்டே இருந்தது. அந்தக் கரை யார் வீட்டு மண்? நான் தஞ்சாவூர் கோர்ட்டில் வக்கீலாக இருந்தேன். எவனெவனுக்கோ வாதாடினேன். அவர்களுக்காக வேறு யாரோ வந்து நின்றார்கள். பக்கத்து ஹாலில் இருந்துகொண்டே நான் போகவில்லை.

அப்பா இறந்து பாகம் பிரித்தபோது களத்துமேட்டை எனக்குக் கேட்டு வாங்கினேன். அதை அந்தக் குடும்பங்களின் பேரில் எழுதிக் கொடுக்க முடிவு செய்தேன். எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று அண்ணன் பேச்சை நிறுத்தினார். சாகும்வரை பேசவில்லை. கரைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அன்று திடலில் என்னைக் கேள்வி கேட்ட அந்த அம்மா புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"இதுக்கு நாங்க கும்புடணுமா?"

"வேண்டாம்."

"அப்ப சரி" என்றார்.

களத்துமேட்டில் வீடு கட்டிக்கொண்டார்கள். கணக்குத் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு வயதானதே தவிர அறிவு வரவில்லை.

நான் வக்கீல் தொழிலை விட்டு ஊரோடு வந்தபின், மூன்று வருஷத்துக்கு முன் அதே வளைவில் கரை மறுபடி உடைந்தது. மணல் மூட்டை போதவில்லை, மண் வேண்டும் என்றார்கள். பொக்லைன் வந்து நின்றது. "களத்துமேட்டுலதான் நல்ல மண்ணு இருக்கு, அந்த ஓரமா எடுத்துக்கலாம். அப்பறம் கொட்டிக் கொடுத்துடலாம்" என்றான் அண்ணன் மகன். அப்பாவின் குரல்தான். அவனை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். இந்த வயதில், ஊர் பார்க்க. பிறகு வண்டியை என் வீட்டுக் கொல்லைக்கு ஓட்டச் சொன்னேன். கொல்லை மேடு. ஆறு தென்னையைச் சாய்த்துவிட்டு அங்கே வெட்டினார்கள். உடைப்பு அடைபட்டது.

மழை விட்டதும் அந்த அம்மா தடி ஊன்றிக்கொண்டு வந்தார். சின்னய்யா என்று கூப்பிடுவதை எப்போதோ விட்டிருந்தார். பள்ளத்தின் ஓரத்தில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கவலப்படாதீங்க" என்றார். "தை பொறந்ததும் மண்ணு கொட்டி, முன்னவிட மேடாக்கிடலாம்."

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

பள்ளம் அப்படியே இருக்கிறது. அடைமழையில் தண்ணீர் பின்வாசல் படி ஏறி அடுப்படிவரை வருகிறது. லாரியில் மண் அடித்துத் தரச் சொல்லவா என்று மகன் துபாயிலிருந்து கேட்டான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.