அவரைக்காயும் இருபது சாட்சிகளும்

அவரைக்காய் கொத்தாகத் தொங்கினால் உங்களுக்குக் கை சும்மா இருக்குமா? எனக்கு இருக்காது. போன வாரம் அந்தக் கையால் ஒரு பெண்ணின் எம்.எஸ்சி. படிப்பையே காலி பண்ணப் பார்த்தேன்!

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு வேளாண் கல்லூரியில் வயல் விழா. யாரும் வந்து பார்க்கலாம் என்றார்கள். ஓசூரிலிருந்து எங்கள் மகளிர் குழுவில் இருபது பேர் வேன் பிடித்துப் போனோம்.

கலைவாணி என்ற மாணவி, கல்லாவி என்ற ஊர்ப் பெண், தன் அவரை வயலுக்குக் கூட்டிப்போனாள். இடுப்பளவு செடிகள். பன்னிரண்டில் மட்டும் ரிப்பன் கட்டி, நம்பர் போட்டிருந்தாள்.

"வெயில்ல வந்திருக்கீங்க. மோர் எடுத்துட்டு வந்துர்றேன். அப்புறம் விளக்கமா சொல்றேங்க்கா" என்று ஓடினாள்.

நம் பக்கத்தில் வயலுக்குப் போனவரை யாராவது வெறும் பையோடு அனுப்புவார்களா? வயல்காரரே பறித்துக் கொடுப்பார். இங்கே அவள் இல்லை... நாங்களே பறித்துக்கொண்டோம். காய் நிறைய இருந்ததோ ரிப்பன் கட்டிய செடிகளில்!

கலைவாணி திரும்பி வந்தாள். பன்னிரண்டும் மொட்டை. மோர்ப் பாத்திரத்தை வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

"எந்த உரத்துக்கு எவ்ளோ காய்க்குதுன்னு ஆராய்ச்சிங்க்கா. இன்னிக்குத்தான் கடைசிப் பறிப்பு. செடிவாரியா எடை போடணும். அது இல்லேன்னா இன்னொரு வருஷம் படிக்கணும். வீட்ல என்னான்னு சொல்லுவேன்?"

காயைத் திருப்பித் தரலாம். எது எந்தச் செடிக் காய் என்று யாருக்குத் தெரியும்?

"எனக்குத் தெரியும்" என்றார் பக்கத்து வீட்டு ரத்னம்மா. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், சண்டைக்குத் தமிழ் பேசுகிறவர். "பேச்சியம்மா நாலாம் நம்பர்ல பறிச்சாங்க. பிஞ்சைக்கூட விடல. நான் பார்த்துட்டேதான் இருந்தேன்."

"ஏழாம் நம்பரை மொட்டையடிச்சது யாருங்கேன்?" — இது பேச்சியம்மா. திருநெல்வேலியிலிருந்து வந்து பத்து வருஷம் ஆகியும் அவர் பேச்சில் ஓசூர் ஏறவே இல்லை.

அவ்வளவுதான். ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். யார் எந்தச் செடி, பையில் எவ்வளவு, முந்தானையில் எவ்வளவு... தன் கணக்கை ஒருத்தரும் சொல்லவில்லை. அடுத்தவர் கணக்கில் ஒரு காய் தப்பவில்லை!

கலைவாணி கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டைத் திறந்தாள். சத்தம் கேட்டு வந்த பேராசிரியர், "செடிக்கு ரெண்டு சாட்சி இருந்தா எழுதிக்கம்மா. நடந்ததையும் தீசிஸ்ல மறைக்காம எழுதிடு" என்றார்.

நான் கௌரவமாகப் பையை நீட்டினேன். "பதினொண்ணாம் நம்பர். அவ்ளோதான்."

"அஞ்சாம் நம்பர்!" என்று ஏழெட்டுக் குரல்கள். "ஹேண்ட்பேக்கைத் திறங்க!"

திறந்தேன். வேறென்ன செய்ய?

மதியத்துக்குள் பன்னிரண்டு செடிக்கும் எடை வந்துவிட்டது. அடுத்த வீட்டை எட்டிப் பார்க்கிறவர்களை பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியில் எத்தனை முறை திட்டியிருக்கிறேன்! அத்தனையையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

வேன் ஏறும்போது கலைவாணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்பிச்சேங்க்கா" என்றாள்.

யாரிடமிருந்து என்று கேட்காமல் வேகமாக வேனில் ஏறிவிட்டேன்.