தாய்மாமன் மடி

போன ஞாயிறு சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு நகைக்கடை. நண்பன் குமரனின் தங்கை மகளுக்குக் காதுகுத்து. பிள்ளையைத் தாய்மாமன் மடியில்தானே உட்கார வைப்போம்? தாய்மாமன் குமரன் சக்கர நாற்காலியில் ரெடி. புது வேட்டி, நெற்றியில் சந்தனம், வாயெல்லாம் பல்.

வேலையிடத்தில் ஏணியிலிருந்து விழுந்தவன். இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. டாக்டர் சொன்ன பெயர் – பாராப்பிளீஜியா. புதுச் சொல் கிடைத்தால் எனக்குத்தான் தூக்கம் வராதே! தேடினேன். கிரேக்க மொழியில் 'பக்கத்தில் விழுந்த அடி'யாம். அது நம்ம பக்கவாதத்துக்கு அல்லவா பொருந்தும்? இதில் இடுப்பு எங்கே, கால் எங்கே? குமரனிடமே கேட்டேன்.

"கிரேக்கக்காரன் என்னைப் பார்த்ததில்ல லா," என்றான்.

சரி, கடைக்கு வருவோம். பிள்ளையைக் கொடுக்க வந்த தங்கை மீனா தயங்கி நின்றாள்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க... என் வீட்டுக்காரரோட தம்பி மடியில வெச்சுக்கலாமா? பிள்ளை நழுவுனா உங்களுக்குத் தெரியாதே."

குமரன் முகம் வாடிவிட்டது. மாதக்கணக்கில் இந்த நாளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தவன். ஆனால் பெற்றவள் பயத்திலும் நியாயம் இருக்கிறதே!

குமரன் இரண்டு கைகளையும் நீட்டினான். "கையாலதான் பிடிக்கப்போறேன் மீனா. பிள்ளையைக் காலாலயா பிடிப்பாங்க?"

கடையே சிரித்தது. மீனாவும்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டே. பிள்ளை மாமன் மடிக்குப் போனாள். நான் நாற்காலிக்கு பிரேக் போட்டேன். குமரன் அவளை வளைத்துப் பிடித்தான். பார்வையை எடுக்கவே இல்லை. பத்தர் ஊசியை எடுத்தார். ஒரு காது... வீல்! மறு காது... அதைவிடப் பெரிய வீல்!

முடிந்தது. அப்போதுதான் கவனித்தோம் – புது வேட்டி தொப்பலாக நனைந்திருந்தது. அவனுக்கோ ஒன்றுமே தெரியவில்லை. யார் சொல்வது? எப்படிச் சொல்வது?

"என்ன, எல்லாரும் வேட்டியையே பார்க்கிறீங்க?"

"அண்ணே... பாப்பா ஒண்ணுக்குப் போயிட்டா," என்றாள் மீனா மெதுவாக.

குனிந்து பார்த்தான். பிறகு மருமகளைத் தூக்கி முத்தமாகப் பொழிந்தான். "பார்த்தியா மீனா! உங்களுக்கெல்லாம்தான் யோசனை. இவளுக்கு இது வெறும் மாமன் மடி!"

அப்படியே என் பக்கம் திரும்பினான்.

"நீ போய் இதுக்கு கிரேக்கத்துல என்ன பேருன்னு தேடு லா!"